மியாவ் வீட்டில் ஒரு லொள்!

செமஸ்டர் லீவ் விட்டாச்சு. நாய்க்குட்டி ஒண்ணு வாங்கியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்க. அம்மாவுக்கு ஐஸ் வெச்சாச்சு, அப்பாவும் 'என்னமோ பண்ணு'னு சொல்லிட்டார். எல்லாம் ஓகே. ஆனா, ஃப்ரிட்ஜ் மேல உக்காந்து உங்களையே முறைச்சுப் பாக்குதே, அந்தப் பூனைகிட்ட பெர்மிஷன் வாங்கினீங்களா?

சிரிக்காதீங்க. அதுகிட்ட கேட்காம நாய் வாங்கின ஒருத்தர் கதையைக் கேளுங்க. பேரைப் போட்டா ஃப்ரெண்ட்ஷிப் கட்னு மிரட்டினதால பேர் வேணாம். கோவையில் எம்.சி.ஏ. படிக்கிறவர். வீட்டில் அஞ்சு வருஷமா ஒரு பூனை, ஃபேமிலியில் ஒருத்தர் மாதிரி. தங்கச்சி பர்த்டேவுக்கு சர்ப்ரைஸா ஒரு 'பக்' குட்டியைத் தூக்கிட்டு வந்தார். 'ரொம்ப சாது தம்பி, பூனையை ஒண்ணும் பண்ணாது' என்று விற்றவர் சொன்னாராம். சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. பக் ஒண்ணுமே பண்ணலை. பாசமா பூனை மூஞ்சிகிட்ட போய் மோந்து பார்த்துச்சு, அவ்வளவுதான். பூனை விட்டது பாருங்க ஒரு அறை! பக்குக்குத்தான் கண்ணு ரெண்டும் முன்னாடி பிதுங்கி நிக்குமே... நகம் நேரா கருவிழியில் கீறிடுச்சு. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, நாளெல்லாம் சொட்டு மருந்து, மாட்டாஸ்பத்திரிக்கு நடையோ நடை. கண் பொழைச்சதே பெரிய விஷயம்.

'எந்த நாய் பூனையைக் கடிக்காது?' என்பது பாதிக் கேள்விதான். 'எந்த நாயைப் பூனை கிழிக்காது?' என்பது மீதி. வளர்ந்த பூனை சுமாரா மூணுலேர்ந்து அஞ்சு கிலோ இருக்கும். சிவாவா மாதிரி பாக்கெட் சைஸ் நாய் அதைவிட எடை கம்மி. அங்கே பயப்பட வேண்டியது நாய்தான். ஆனா, துரத்தற குணமுள்ள நாயா இருந்தா கதை அப்படியே உல்டா. சின்ன நாயா இருந்தாலும் கவ்வி ஒரு உதறு உதறினா பூனையோட முதுகெலும்பு போயிடும். சில செகண்ட் மேட்டர். நீங்க ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுக்கிறது? பொண்ணு பார்க்கப் போனா பூர்வீகம் விசாரிப்பாங்கல்ல, அதேதான் இங்கேயும். நாயோட மூஞ்சியைப் பார்க்காதீங்க, தாத்தா பாட்டி என்ன வேலை பார்த்தாங்கன்னு கேளுங்க.

குட்டைக் கால், நீள உடம்புன்னு க்யூட்டா இருக்கே டாஷ்ஹவுண்ட்... ஜெர்மன் மொழியில் அந்தப் பேருக்கே 'வளைக்கரடி நாய்'னுதான் அர்த்தம். மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழும் முரட்டுப் பிராணியை, அதன் வளைக்குள்ளேயே போய் மடக்கறதுக்காக உருவாக்கின ஜாதி. ஜாக் ரஸ்ஸல் டெரியர், 19-ம் நூற்றாண்டில் ஜான் ரஸ்ஸல் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த வம்சம். தலையில் ரிப்பன் கட்டிக்கிட்டு பொம்மை மாதிரி உக்காந்திருக்கிற யார்க்ஷயர் டெரியரோட முன்னோர்கள், மில்லில் எலி பிடிச்சவங்க. பீகிளுக்கு முயல் துரத்தறது பரம்பரைத் தொழில். சின்னதா, ரோமத்தோட, சடார்னு ஓடுற எதைப் பார்த்தாலும் இவங்க ரத்தம் சூடாகும். உங்க பூனையும் சின்னதா, ரோமத்தோட, சடார்னுதானே ஓடும்?

உடனே 'எங்க சித்தப்பா வீட்ல டாஷ்ஹவுண்டும் பூனையும் கட்டிப் பிடிச்சுத் தூங்குதே'னு சண்டைக்கு வராதீங்க. இருக்கும். குட்டியிலேர்ந்து சேர்ந்து வளர்ந்தா அப்படி நடக்கும்தான். ஆனா, அதே நாய் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்தா காம்பவுண்டைத் தாண்டும். முதன்முறையா நாய் வளர்க்கிறவங்க இந்த ரிஸ்க்கை எடுக்க வேணாம் என்பது நம்ம கட்சி.

அடுத்து, மடியில் உக்காரறதையே முழு நேர வேலையா வெச்சிருந்த பரம்பரை. பக், ஷிட்சு ரெண்டும் சீனா அரண்மனைகளில் சொகுசா இருந்த பார்ட்டிகள். திபெத் மடாலயங்களில் வளர்ந்த லாசா அப்ஸோவுக்கு வேலை, யாராவது வந்தா உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறது. இவங்களுக்குத் துரத்தற புத்தி கம்மி. பூனைகூட ஒத்துப்போறதில் ஷிட்சுவுக்கு நல்ல மார்க். ஆனா, நம்ம ஊர் மே மாசம்னு ஒண்ணு இருக்கே! சப்பை மூக்கு நாய்களுக்கு உடம்புச் சூட்டை மூச்சு வழியா வெளியேத்தறது கஷ்டம். ஹட்ச் விளம்பரத்தில் பையன் பின்னாடியே ஓடுச்சே ஒரு பக், 2003-ல. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிட்டு, வெயிலில் அது 'கொர்... கொர்'னு இழுக்கிறதைப் பார்த்துக் கலங்கினவங்க ஏராளம். ஷிட்சுவுக்கும் மூக்கு சப்பை, கண்ணு பெருசு, அதோட தினமும் சீவி விடணும். ஹாஸ்டலுக்குக் கிளம்பிடுவீங்கன்னா யார் சீவறது, அம்மாவா?

மிச்சம் இருக்கிறது நம்ம பழைய ஃப்ரெண்ட். 'பொமரேனியன்'னு சொல்லி ஜிம்மி, டாமினு பேர் வெச்சு எல்லாத் தெருவிலும் வளர்த்தோமே, அதில் முக்கால்வாசி பொமரேனியனே கிடையாது. இண்டியன் ஸ்பிட்ஸ்! மூக்கு நீளம் என்பதால் மூச்சு ஃப்ரீ, கண்ணும் உள்ளடங்கி இருக்கும், நம்ம க்ளைமேட்டுக்குப் பழகின உடம்பு. ஒரே மைனஸ், வாய். காலிங் பெல் அடிச்சா, குக்கர் விசில் அடிச்சா, காக்கா கத்தினா, எதிர்ப்பாட்டு பாடும். பூனைகளுக்குச் சத்தம் ஆகாது. அது ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேர்ந்தே வெளிய வராம ஸ்டிரைக் பண்ணலாம். அப்புறம் பழகிடும். நம்ம ஓட்டு இதுக்குத்தான்.

குட்டியா, பெரிய நாயா? நாய்க்குட்டிக்கு மூணு வாரத்திலேர்ந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரைக்கும்தான் 'இவங்கல்லாம் நம்ம ஆளு'னு மனசில் பதிகிற காலம். அதுக்காகக் கண்ணு திறக்காததைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விற்கக் கூடாதுன்னு 2017-ல வந்த நாய் வளர்ப்பு விதிகளே சொல்லுது.

ஆனா, வளர்ந்த நாயில் ஒரு பெரிய லாபம் இருக்கு பாஸ். அதோட குணம் முன்னாடியே தெரிஞ்சிடும். சென்னை ப்ளூ கிராஸ் மாதிரி காப்பகங்களில், வெளியூர் மாத்தல், புது ஃப்ளாட்னு காரணம் சொல்லி விட்டுட்டுப் போன நாய்களும் வந்து சேருது. 'இது பூனைகூட இருந்திருக்கா?'னு அங்கேயே கேளுங்க. பதில் தெரியலைன்னா வெளியே கூட்டிப் போய்ப் பாருங்க. அணில் ஓடினா காதைத் தூக்கிப் பாக்குதா? பரவாயில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்புதா? சூப்பர். உடம்பு விறைச்சு, கண்ணு கொட்டாம, நீங்க கூப்பிடறதே காதில் விழாம நின்னா... ஸாரி சொல்லிட்டு அடுத்த நாயைப் பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் ரெண்டையும் மூஞ்சிக்கு மூஞ்சி காட்டி 'ஹாய் சொல்லு'னு விளையாடறதுதான் மேலே சொன்ன கோவைக்காரர் பண்ணின தப்பு. முதல் சில நாள் தனித்தனி ரூம். நாய் படுத்த துணியைப் பூனைகிட்டயும், பூனை படுத்ததை நாய்கிட்டயும் போடுங்க. முதலில் மூக்கு பழகட்டும். அப்புறம் நாய்க்குப் பெல்ட் மாட்டிக் கையில் பிடிச்சுக்கிட்டு, தூரத்திலேர்ந்து தரிசனம். பூனைக்கு ஏறித் தப்பிக்க பீரோவோ லாஃப்ட்டோ எப்பவும் காலியா இருக்கணும். நீங்க காலேஜ் போற நேரத்தில் நடுவில் கதவு சாத்தியிருக்கணும். சில ஜோடிகள் பத்து நாளில் செட்டாகும், சில ஜோடிகளுக்கு மாசக் கணக்கில் ஆகும். அவசரப்பட்டா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

பாதிச் சண்டைக்குக் காரணம் மொழிப் பிரச்னை. நாய் உடம்பை நெளிச்சு வாலை ஆட்டினா குஷி. பூனை வாலைப் பட் பட்னு அடிச்சா 'கிட்ட வந்தே, கொன்னுடுவேன்'! நாய் முன்னங்காலைத் தூக்கினா விளையாடக் கூப்பிடுது. பூனை தூக்கினா... கோவை பக்கைக் கேளுங்க.

யாரும் சொல்லித் தராத ஒரு மேட்டரும் இருக்கு. நாய்க்குப் போடுற உண்ணி மருந்து பலதில் பெர்மெத்ரின் கலந்திருக்கும். நாய்க்கு அது ஒண்ணும் பண்ணாது, பூனைக்கு விஷம். தப்பித் தவறிப் பூனை மேல போட்டாலோ, மருந்து காயறதுக்கு முன்னாடி நாயை உரசிட்டு வந்து பூனை தன் உடம்பை நக்கினாலோ வலிப்பு வரும், உயிரே போகலாம். 'வீட்ல பூனை இருக்கு'னு டாக்டர்கிட்ட முதலிலேயே சொல்லி மருந்து வாங்குங்க. சென்னையில் வேப்பேரி, அந்தப் பக்கம் நாமக்கல், திருநெல்வேலினு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கு. ரேபிஸ் ஊசி ரெண்டு பேருக்கும் கட்டாயம். நகக்கீறல் பட்டா நீங்களும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.

சாப்பாட்டுத் தட்டும் தனித்தனி. பூனைக்கு டாரின் என்ற சத்து அவசியம். நாய் உணவை மட்டுமே தின்னு காலம் தள்ளினா கண்ணும் இதயமும் கெட்டுடும். பூனைத் தட்டைச் சமையல் மேடை மேல வெச்சுடுங்க, நாய் எட்டாது. பூனையோட மணல் டப்பாவையும் நாய் கண்ணில் படாம வையுங்க. ஏன்னு கேட்காதீங்க, சாப்பிட்டுட்டு இருப்பீங்க.

கோவை நிலவரம்? கூம்பு கழட்டியாச்சு. இப்போ பக் அந்த ஃப்ரிட்ஜைத் தாண்டும்போது மட்டும் சுவர் ஓரமா, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகுதாம். பூனை மேலேயிருந்து பார்த்துட்டு, திரும்பிப் படுத்துக்குதாம்.