துலக்கும் கருவி துலங்க வேண்டாமா?

நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும் அருட்சகோதரி ஒருவருடன் கடந்த தவக்காலத்தில் நாமும் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். குடும்பத் தலைவர் எழுபதைக் கடந்தவர். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். அம்மருந்து நோயோடு சேர்த்து உடலின் எதிர்ப்பாற்றலையும் குன்றச் செய்துவிடும் என்பதை மருத்துவர் முன்னரே எடுத்துரைத்திருந்தார். மருமகளும் சொன்னதைத் தட்டாமல் செய்து வந்தார். கொதித்தாறிய நீர், தனித் தட்டு, தனி டம்ளர், சமைத்தவுடன் சூடாகப் பரிமாறும் கஞ்சி என ஒன்றிலும் குறையில்லை. ஆயினும் மூன்று வாரங்களுக்குள் இருமுறை பெரியவருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகப் பணியாற்றிய அந்த அருட்சகோதரி, கை கழுவுவதற்காக அடுக்களைக்குள் சென்றார். தொட்டியின் ஓரத்தில் சோப்புக் கிண்ணத்துக்குள் ஊறிக்கிடந்த மஞ்சள் ஸ்பாஞ்சை இரு விரல்களால் எடுத்து மூக்கருகே கொண்டுசென்றார்.

“இதை எப்போது வாங்கினீர்கள், அம்மா?”

மருமகள் சற்றே நினைத்துப் பார்த்து, “கிறிஸ்மசுக்கு முன்னால் வாங்கியது, சிஸ்டர்” என்றார். அன்று தவக்காலத்தின் நான்காம் வாரம்.

“இதனால்தான் உங்கள் மாமாவுக்கு வயிறு கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாததைச் சொல்லக் கூடாது. ஆனால் அவருடைய தனித் தட்டையும் தனி டம்ளரையும் நாள்தோறும் இதைக்கொண்டுதானே தேய்க்கிறீர்கள்?”

மூலையில் அமர்ந்திருந்த மாமியார், “நான் அப்போதே சொன்னேன், தேங்காய் நாரைப்போல ஒன்று உண்டா என்று” எனத் தொடங்கினார். அருட்சகோதரி புன்னகையுடன், “உங்கள் நாரையும் பார்ப்போம், பாட்டி” என்று கிணற்றடிக்குச் சென்றார். அங்கே துவைகல்லின் அடியில், பழைய சோற்றுப் பருக்கைகள் சிக்கிய நிலையில், கறுத்து நசநசத்துக் கிடந்தது அந்த நார்! மாமியார், மருமகள் இருவருமே சற்று நேரம் வாய் திறக்கவில்லை.

இந்நிகழ்ச்சி நம் உள்ளத்தைவிட்டு அகலாததால்தான் இம்மாதம் இதனை எழுத முற்பட்டோம். பாத்திரம் துலங்குகிறதா என்று பார்க்கும் நாம், துலக்கும் கருவியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கிண்ணத்தின் புறத்தை மட்டும் தூய்மையாக்கியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார் என்பது மெய்யே. ஆனால் கிண்ணத்தையே கழுவ வேண்டாம் என்று அவர் சொன்னதாக எந்த நற்செய்தியிலும் இல்லை.

இன்று நம் அடுக்களைகளில் காணப்படும் ஸ்பாஞ்சுகளில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் என்னும் நெகிழிப்பொருளால் ஆனவை. 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஒட்டோ பாயர் என்னும் வேதியியலாளர் தம் குழுவினருடன் கண்டறிந்த பொருள் அது. மண்ணெண்ணெய் பிறக்கும் அதே கச்சா எண்ணெய்தான் அதற்கும் மூலப்பொருள். மெத்தைக்கும் இருக்கைக்கும் அது நல்லதாக இருக்கலாம். பாத்திரம் துலக்குவதற்கு வருகையில்தான் தொல்லை. அதன் உடலெங்கும் நுண்துளைகள். அவை நீரைப் பிடித்துவைக்கின்றன. நீரோடு சோற்றுத் துகளும் எண்ணெய்ப் பிசுக்கும் மீன் சதையும் உள்ளே தங்குகின்றன. ஈரம், உணவு, மிதமான சூடு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்துவிட்டால் நுண்ணுயிர்களுக்கு வேறென்ன வேண்டும்? நம் நாட்டு வெப்பத்திற்கோ கேட்கவே வேண்டியதில்லை.

இது வெறும் அச்சுறுத்தலன்று. ஜெர்மனியின் பர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்குஸ் ஏகெர்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், வீடுகளில் பயன்பட்ட 14 ஸ்பாஞ்சுகளைச் சேகரித்து ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 362 வகையான பாக்டீரியாக்களின் தடயங்கள் தென்பட்டன. சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டர் அளவுக்குள் 5,400 கோடி வரை உயிரணுக்கள் நெருங்கியிருந்தனவாம்! இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. “நாங்கள் தவறாமல் சுத்தம் செய்கிறோம்” என்று கூறியவர்களின் ஸ்பாஞ்சுகளில் பாக்டீரியாக்கள் குறைந்திருக்கவில்லை. சுத்தம் செய்கையில் பலம் குன்றியவை மடிய, தாக்குப்பிடித்தவை காலியிடத்தை நிரப்பிக்கொள்கின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. வாரம் ஒருமுறை புதியதாக மாற்றிவிடுங்கள் என்பதே அவர்கள் கூறிய யோசனை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை 14 மட்டுமே என்பதையும் நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். அதில் கண்ட பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை உடல்நலம் வாய்ந்தவர்களை ஒன்றும் செய்யாதவை. கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவாலும் நெடுநாள் நோயாலும் தளர்ந்தோர், நாம் மேலே கண்ட பெரியவரைப் போன்றோர் இருக்கும் வீடுகளில்தான் கவனம் பன்மடங்கு தேவை. அத்தகைய ஒருவரேனும் இல்லாத வீடு நம் பங்குகளில் எத்தனை இருக்கும்? ஸ்பாஞ்சில் எழும் ஊசல் வாடைக்கு மொராக்செல்லா என்னும் பாக்டீரியா முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஈரத் துணிகளில் வீசும் முடைநாற்றத்திற்கும் அதுவே காரணம். ஆகவே, வாடை வந்தபின் மாற்றுவோம் என்றிருப்பது மிகவும் காலங்கடந்த செயலாகும்.

தூக்கி எறிந்தபின் அதன் கதை முடிந்துவிடுகிறதா எனில், அதுவும் இல்லை. தேயும்போதெல்லாம் நுண்ணிய நெகிழித் துகள்கள் கழிவுநீரோடு போகின்றன. எஞ்சியது குப்பைமேட்டில் மக்காமல் கிடக்கிறது. கொல்லைப்புறத்தில் குப்பையைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. பாலியூரித்தேன் எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடு மட்டுமன்று, ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சும் கலந்திருக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகளே.

2025-இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-ஆம் ஆண்டில் வழங்கிய ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில், பயன்படுத்தி வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்ததோடு நின்றுவிடவில்லை. நெகிழியைத் தவிர்ப்பது, நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது, உண்ணும் அளவுக்கே சமைப்பது போன்ற அன்றாட வீட்டுச் செயல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். திருச்சபையின் மிக உயர்ந்த ஆவணம் ஒன்று நம் அடுக்களைவரை வந்து பேசுகிறது என்பதில் இல்லத்தரசிகள் பெருமை கொள்ளலாம். இல்லத்தரசர்களும் தொட்டிப்பக்கம் ஒருநாள் வந்து பார்க்கலாம்.

மாற்று வழி என்ன? அது நம் கொல்லையிலேயே இருக்கிறது. முற்றிய தேங்காயின் மட்டையை, குமரிப்பகுதியினர் கதம்பை என்பார்களே, அதனைக் காயவைத்து, கல்லில் தட்டி, உள்ளிருக்கும் தூளை உதறிவிட்டால் நார் கிடைத்துவிடும். தூளை நன்றாக உதறுவது முக்கியம். இல்லாவிடில் அது கழிவுநீர்க் குழாயை அடைத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி நாரைச் சுருட்டி, அதன் இழை கொண்டே நடுவில் ஒரு கட்டுப் போட்டால் துலக்கும் நார் தயார். செலவு ஒன்றுமில்லை. தென்னை நாரில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதியாக இருப்பதால் அது எளிதில் அழுகுவதில்லை. கதம்பையை உப்புநீர்க் கழிமுகங்களில் பல மாதங்கள் ஊறப்போட்டபின்னும் நார் மட்டும் கெடாமல் நிற்பது இதனால்தான். அந்த நாரைத் திரித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் நம் கடலோரப் பங்குகளில் எத்தனையோ பேர். ஸ்பாஞ்சைப்போலத் தென்னை நார் நீரைப் பிடித்துவைப்பதில்லை; இழைகளுக்கிடையே காற்று புகுவதால் விரைவில் உலர்ந்துவிடும்.

இந்த உலர்தல்தான் அனைத்தின் சூட்சுமமும். நார்வே நாட்டின் நோஃபிமா என்னும் உணவு ஆய்வு நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகிறது. ஸ்பாஞ்சிலும், கைப்பிடியுள்ள துலக்கும் பிரஷ்ஷிலும் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமியை இட்டுப் பார்த்தார்கள். பிரஷ் உலர்ந்தது, கிருமியும் வெகுவாகக் குறைந்தது. ஈரமாகவே இருந்த ஸ்பாஞ்சில் அது பிழைத்துக்கொண்டது. ஆகையால் இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று தூயதாகிவிடாது. துவைகல்லின் அடியில் நசநசத்துக் கிடந்த பாட்டியின் நாருக்கும் மருமகளின் ஸ்பாஞ்சுக்கும் வேறுபாடு மிகக் குறைவே. மரக்கூழால் செய்த ஸ்பாஞ்சு என்று இப்போது கடைகளில் விற்பனையாவது மண்ணில் மக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் நீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

பீர்க்கங்கூடு பற்றியும் கூறவேண்டும். நுரைப்பீர்க்கு என்னும் வகையைப் பந்தலிலேயே முற்றவிட்டு, தோல் பழுப்பேறி, கையிலெடுத்தால் எடையற்று, ஆட்டினால் விதை குலுங்கும் பதத்தில் பறிக்க வேண்டும். தோலை உரித்து, விதைகளை உதறி, நீரில் அலசிக் காயவைத்தால் வலைபோன்ற கூடு கிடைக்கும். கண்ணாடி டம்ளருக்கும் பீங்கான் தட்டுக்கும் அது இதமானது. தென்னை நாரைவிடச் சற்று அதிகமாக ஈரத்தைப் பிடிக்கும் என்பதால் வெயிலில் உலர்த்துவதில் சோம்பல் கூடாது. வாரம் ஒருமுறை கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுப்பது நலம். எண்ணெய் பூசியதுபோல் வழவழக்கும் ஒட்டாத தவாக்களுக்கு நாரும் கூடும் வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துண்டே போதும். திருப்பலிக் கிண்ணத்தைத் துடைக்கும் சிறு துணியைக் கோவில்பிள்ளை எவ்வளவு பயபக்தியுடன் துவைத்து உலர்த்தி மடித்து வைக்கிறார்! அதே கவனத்தில் ஒரு பங்கு நம் அடுக்களைத் துணிக்கும் கிடைக்கட்டும். அதை நாள்தோறும் மாற்றிவிட வேண்டும்.

கம்பி நாரைப்பற்றி ஓர் எச்சரிக்கை. அடிப்பிடித்த பாத்திரத்திற்கு அதைவிட்டால் வழியில்லை என்று எண்ணுவோர் பலர். தேயத்தேய அதன் இழைகள் ஒடிந்து பாத்திரத்தில் தங்குகின்றன. சோற்றோடு தொண்டைக்குள் சென்றால் விபரீதம். துலக்கும் பெண்ணின் விரல் நுனிகளைக் கேட்டாலும் அது என்ன செய்யும் என்பதைச் சொல்லும். அடிப்பிடித்த பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். பாதி வேலை தானே முடிந்துவிடும்.

சாம்பலையும் புளியையும் நம் முன்னோர் கண்மூடித்தனமாகக் கையாளவில்லை. விறகுச் சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகவே மாறுகிறது. புளியின் அமிலம் பித்தளை, செம்பின் களிம்பை நீக்குகிறது. ஆனால் நிலக்கரிச் சாம்பலும், நெகிழிக் குப்பையோடு எரித்த சாம்பலும் பாத்திரத்தின் பக்கமே வரக் கூடாது. மீன்குழம்பு வைக்கும் மண்சட்டிக்குச் சோப்பு ஆகாது. சட்டி அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த குழம்பில் திருப்பித் தந்துவிடும். வெந்நீரும் ஒரு பிடி கடலைமாவும் தென்னை நாரும் கவிச்சைப் போக்கிவிடும். மீன்சட்டிக்கும் இறைச்சிப் பாத்திரத்திற்கும் எனத் தனி நார் ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

அருட்சகோதரி அன்று அந்த வீட்டில் சொல்லித் தந்தது மிக எளிய ஒழுங்கு. எச்சிலையும் எண்ணெயையும் முதலில் வழித்தெடுத்துவிட வேண்டும். டம்ளர்கள் முதலிலும், தட்டுகள் பிறகும், பிசுக்குப் பாத்திரங்கள் கடைசியிலும் துலக்கப்பட வேண்டும். நாள் முழுதும் நாரை ஊறவைக்கும் சோப்புக் கிண்ணத்தை அகற்றிவிட்டு, வேண்டிய சோப்பை அவ்வப்போது எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நார்கள், ஒன்று இன்று வேலை செய்ய, மற்றது வெயிலில் ஆணியில் தொங்கும். நாளை முறை மாறும். ஒரு வாரம் கழிந்ததும் இரண்டும் தென்னை மூட்டிற்குப் போய்விடும். நோயாளியின் பாத்திரங்களை வேறு எதையும் தொடாத நாரால் துலக்கி, கொதிநீர் ஊற்றி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிட வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த இரண்டாம் வாரம் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். அடுக்களைச் சன்னலில் ஏழு ஆணிகள் அடிக்கப்பட்டிருந்தன. இரண்டு போதுமென்று அருட்சகோதரி சொல்லியிருந்தும், கிழமைக்கு ஒன்றாக ஏழு நார்களைத் தொங்கவிட்டிருந்தார் மாமியார். “எண்ணிக்கை மறந்துபோகும் பாருங்கள்” என்று மருமகளே அவருக்காக விளக்கம் கூறினார். பெரியவர் திண்ணையில் அமர்ந்து, மடியில் பழைய செய்தித்தாளை விரித்து, கதம்பையிலிருந்து நாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். உடல் இன்னும் தேறவில்லை. கன்னம் ஒட்டியே இருந்தது. வயிறு மட்டும் அதன்பின் தொல்லை தரவில்லை என்றார். நற்கருணை பெற்று, சற்றுநேரம் கண்மூடியிருந்துவிட்டு, அருட்சகோதரிக்குத் தேநீர் கொண்டுவந்த மருமகளிடம், “அந்த டம்ளர் எந்தக் கிழமை நாரில் துலக்கியது, மோளே?” என்று கேட்டார்.

“வியாழக்கிழமை நார், மாமா” என்றார் அவர், சிரிக்காமல்.