இலவசத்துக்கும் உண்டு கெடு

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை எத்தனை நாள் பராமரிப்பது என்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் வியாபார முடிவு.

ஹைதராபாத்தில் தார்னாகாவிலிருந்து உப்பல் செல்லும் சாலையை ஆய்வுக்கூடங்களின் தெரு என்றே சொல்லலாம். ரசாயனத் தொழில்நுட்பம், புவி இயற்பியல், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் என மத்திய அரசின் மூன்று பெரிய ஆய்வு நிறுவனங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. உப்பலில் சர்வே ஆஃப் இந்தியாவின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

மரபணுவோ நில அதிர்வோ வரைபடமோ, எல்லாமே இன்று கம்ப்யூட்டர் வேலைதான். இத்துறைகளில் உலகெங்கும் புழங்கும் கருவிகள் பல ஓப்பன் சோர்ஸ் வகை. மரபணு வரிசைகளை அலசச் சாம்டூல்ஸ், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் என்று பட்டியல் நீளும். பெரிய கணக்குகளைப் போடும் சர்வர்களில் இவற்றுக்கு அடித்தளம் லினக்ஸ். அந்த அடித்தளத்தில் ஓட்டை விழுந்தால் அடைப்பது யார், எத்தனை ஆண்டுகளுக்கு? இந்தக் கேள்வி பெரும்பாலும் தாமதமாகவே எழுகிறது.

2020 டிசம்பர் 8 அன்று அது உலகம் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. அமெரிக்காவின் ரெட் ஹாட் நிறுவனம் சந்தா வாங்கிக்கொண்டு பராமரிக்கும் லினக்ஸின் இலவச இரட்டை, சென்ட் ஓ.எஸ். 2004ல் தன்னார்வலர்கள் தொடங்கியது. 2014ல் ரெட் ஹாட் அதைத் தன் அரவணைப்பில் எடுத்துக்கொண்டது. ரெட் ஹாட்டையே 2019ல் 3,400 கோடி டாலருக்கு ஐ.பி.எம். வாங்கியது. 2019 செப்டம்பரில் வந்த சென்ட் ஓ.எஸ். 8க்கு 2029 வரை பராமரிப்பு உண்டு என்று நம்பிப் பலர் மாறினார்கள். மறு ஆண்டே அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பரோடு சரி.

பழைய 7ஆம் பதிப்பிலேயே தங்கியவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை அவகாசம் இருந்தது. சுறுசுறுப்பாக மாறியவர்களுக்குத்தான் முதல் அடி.

கெடு முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆளிருக்காது. வேறு அடித்தளத்துக்கு மாறலாம். அப்போது நிறைய மென்பொருட்களை மீண்டும் நிறுவ வேண்டும். பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ஐந்தாண்டுத் திட்டத்தின் நடுவில் ஓர் ஆய்வுக்குழுவுக்கு இது சில மாத வேலை. இந்தியாவின் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் முதலாவதாக 2019ல் வாரணாசி ஐ.ஐ.டி.யில் அமைந்த பரம் சிவாய் இயந்திரமே சென்ட் ஓ.எஸ். 7 மேல் எழுப்பப்பட்டதுதான்.

ரெட் ஹாட் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஓட்டைகளை அடைக்கும் பொறியாளர்களுக்குச் சம்பளம் தருவது அந்த நிறுவனம். எதையும் சேர்க்காமல் நகலெடுத்து வெளியிடுபவர்களால் தனக்கு லாபமில்லை என்பது அதன் வாதம். 2023 ஜூனில் இன்னும் ஒரு படி போய், தன் வணிகப் பதிப்பின் மூல நிரலைப் பொதுவில் வைப்பதையும் நிறுத்தியது. லினக்ஸின் உரிமம் அதைத் தடுக்கவில்லை. மென்பொருளைப் பெற்றவருக்கு நிரலைத் தர வேண்டும் என்கிறதே தவிர, ஊருக்கெல்லாம் தரச் சொல்லவில்லை.

ஆனால் உரிமம் காப்பாற்றிய ஒன்றும் உண்டு. அதுவரை வெளிவந்த நிரல் யார் கையிலிருந்தும் பறிபோகவில்லை. 2021லேயே ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற இரண்டு மாற்றுகள் பிறந்தன. அணுத்துகள் ஆய்வில் முன்னணியிலுள்ள செர்ன், ஃபெர்மிலேப் ஆய்வுக்கூடங்கள் 2022 டிசம்பரில் ஆல்மாவைப் பரிந்துரைத்தன.

கதை ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை. அறிவியல் கணக்குகளுக்கான பைதான் தொகுப்பை வழங்கும் அனகோண்டா 2020ல் விதியை மாற்றியது. 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதன் களஞ்சியத்தை வணிகரீதியாகப் பயன்படுத்தினால் கட்டணம். பைதான் இன்றும் இலவசம். அடுக்கி வைத்த கிடங்கின் வாசலில்தான் வசூல்.

அரசுத் திட்டங்களில் ஓப்பன் சோர்ஸுக்கே முன்னுரிமை என்று மத்திய அரசு 2015ல் கொள்கை வகுத்தது. நல்ல கொள்கை. ஆனால் லிஃப்டுக்கும் ஏ.சி.க்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும் அலுவலகங்களில், விலை கொடுத்து வாங்காத பொருளுக்குப் பராமரிப்புச் செலவு எழுத ஃபைலில் இடம் கிடைப்பது கஷ்டம். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத டெபியன் லினக்ஸிலும் செலவு இல்லாமல் இல்லை. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு டெபியன்தான் அடிப்படை. அங்கும் முதல் மூன்றாண்டுக்குப் பிறகான நீண்டகாலப் பராமரிப்பு, பயனடையும் நிறுவனங்கள் தரும் பணத்தை நம்பித்தான் நடக்கிறது.

ஆல்மா, ராக்கி இரண்டின் 8ஆம் பதிப்புக்கு இப்போது சொல்லப்படும் கெடு 2029. 9ஆம் பதிப்புக்கு 2032. இவையும் வாக்குறுதிகள்தான். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்கு நிதி கேட்டு எழுதும் விஞ்ஞானிகள், கருவிகளின் பட்டியலுக்குக் கீழே மென்பொருள் பராமரிப்புக்கென ஒரு வரியும் ஒரு தொகையும் சேர்த்துக்கொள்வது நல்லது.