15,000 மைல் பரீட்சை!

‘ரோல்ஸ் ராய்ஸ்’ என்றதும் உங்கள் மனக்கண் முன் என்ன வருகிறது? மகாராஜாக்கள், மெத்தென்ற ஆசனம், பளபளக்கும் வெள்ளிப் பூண்கள் இவைதானே? ஆனால், அந்தக் காருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வெள்ளிப் பூண் அல்ல. அதைச் செய்தவர்களே அதைப் படுத்திய பாடுதான்!

ஹென்றி ராய்ஸ், மாவு மில்காரர் ஒருவரின் மகன். சிறு வயதில் பத்திரிகை விற்றவர்; ரயில்வே பட்டறையில் வேலை பழகியவர். தாம் வாங்கிய பிரெஞ்சுக் காரில் திருப்தி ஏற்படாமல், 1904-ல் மான்செஸ்டரில் தாமே ஒரு கார் செய்தார். அதே ஆண்டு, கார் வியாபாரியான ரோல்ஸ் அவரோடு சேர்ந்தார்.

ஆறு சிலிண்டர் என்ஜின் செய்யப் புகுந்தபோதுதான் சங்கடம் முளைத்தது. அதன் நீளமான கிராங்க் ஷாப்ட், சில வேகங்களில், ஈரத் துணியைப் பிழிவது போல் முறுக்கிக்கொண்டு அதிர்ந்தது. சில கார்களில் ஒடிந்தே போயிற்று! ராய்ஸ் சளைக்கவில்லை. அடுத்த என்ஜினில் ஷாப்டைப் பருமனாக்கினார். ஏழு பேரிங்குகளில் தாங்க வைத்தார். பம்பு மூலம் எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தினார். ஏழு லிட்டர் கொள்ளளவுள்ள அந்த என்ஜினோடு புதிய கார் 1906-ல் வெளிவந்தது.

நோய் தீர்ந்தது என்று நாமே சொல்லிக்கொண்டால் ஊர் நம்புமா? கம்பெனியின் நிர்வாகி கிளாட் ஜான்ஸன் 1907-ல் ஒரு காருக்கு அலுமினிய வர்ணம் பூசி, வெள்ளி முலாமிட்ட பாகங்களைப் பொருத்தி, ‘ஸில்வர் கோஸ்ட்’ என்று பெயரிட்டார். ‘வெள்ளிப் பேய்’ என்று அர்த்தம். பேயைப் போல ஓசையில்லாமல் போகுமாம்! பிறகு, ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர்களை உடன் வைத்துக்கொண்டு, அதை ஓட்டச் செய்தார். முதலில் ஸ்காட்லாந்தின் மலைச் சாலைகள். பிறகு லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவு பகலாக ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு!

629-வது மைலில் கார் நின்றுவிட்டது. காரணம், பெட்ரோல் குழாயின் திருகு குலுக்கலில் தானாக மூடிக்கொண்டதுதான். திறந்தார்கள், கிளம்பியது. அதன் பிறகு, டயர் தகராறு நீங்கலாக, 14,371 மைல் எந்தக் கோளாறாலும் அது நிற்கவே இல்லை!

15,000 மைல் முடிந்ததும் கிளப்பின் என்ஜினீயர்கள் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்தார்கள். என்ஜினில் அளவிடக்கூடிய தேய்மானமே இல்லை. ஸ்டீரிங் இணைப்பு, விசிறிப் பட்டை போன்ற சில்லறைச் சாமான்களை மாற்றினால் போதும், கார் புதிதாகிவிடும். அதற்கான செலவு எவ்வளவு தெரியுமா? 2 பவுன், 2 ஷில்லிங், 7 பென்ஸ். அந்நாளைய நம் காசில் சுமார் 32 ரூபாய்!

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? 1912-ல் ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் ராட்லி என்பவரின் ஸில்வர் கோஸ்ட், காட்ஷ்பர்க் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தில் திணறி நின்றுவிட்டது. பிரயாணிகள் இறங்கிப் பாரத்தைக் குறைத்த பிறகே மேலே ஏறியது. மூன்றே கியர்கள் இருந்ததுதான் குறை. எத்தனை அவமானம்!

கம்பெனியார் சாக்குச் சொல்லவில்லை. நான்கு கியர்கள் வைத்தார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் ஏற்பாட்டையும் சீர்படுத்தினார்கள். மறு வருஷமே நான்கு கார்கள் அதே ஆல்ப்ஸ் மலைக்குப் புறப்பட்டன. முந்திய ஆண்டு மானத்தை வாங்கிய ஏற்றங்களில் அவை அநாயாசமாக ஏறியதைக் கண்டு போட்டியாளர்களே மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

அடுத்த முறை எங்கேனும் ஒரு பழைய ரோல்ஸ் ராய்ஸைக் கண்டால், வெள்ளிப் பூணை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். அடியில், கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் அந்த ஷாப்டையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒடிந்து ஒடிந்து அல்லவா அது உறுதியாயிற்று!