ஒரு டாலர் சொட்டு மருந்து

ஆஸ்பத்திரி வார்டில் கிடைத்த கிருமி, குழந்தைகளைக் காக்கும் மருந்தாக மாற 30 ஆண்டுகள் ஆயின.

விஷயம் விசித்திரமாகத்தான் இருந்தது. 1980களின் நடுவில், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சில சிசுக்களின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கி, உடம்பின் நீரை வற்றவைத்துக் கொல்லும் கிருமி அது. இந்தியாவில் மட்டும் அதற்கு ஆண்டுதோறும் சுமார் 78,000 குழந்தைகள் பலியானதாக 2014ல் வெளியான மதிப்பீடு கூறியது. ஆனால் இந்தச் சிசுக்களுக்கு எந்த உபாதையும் இல்லை. வளர்ந்தபோதும் அந்த நோய் அவர்களை அவ்வளவாகத் தாக்கவில்லை.

குழந்தை மருத்துவர் மகராஜ் கிஷன் பானுக்குப் பொறி தட்டியது. சாதுவான இந்த வைரஸையே தடுப்பு மருந்தாக்கினால் என்ன?

யோசனை எளிது, செயல்தான் கடினம். ஆஸ்பத்திரியால் மருந்து தயாரிக்க முடியாது. ஏழைக் குழந்தைகளுக்கான மருந்தில் பணம் போடக் கம்பெனிகள் யோசிக்கும். பல கண்டுபிடிப்புகள் இந்த இடைவெளியில்தான் காணாமல் போகின்றன.

இங்கே அரசு நடுவில் நின்றது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நிதி கொடுத்தது. 1987ல் தொடங்கிய இந்திய-அமெரிக்கத் தடுப்பு மருந்துத் திட்டம் அமெரிக்க ஆய்வுக்கூடங்களின் கதவுகளைத் திறந்தது. '116இ' என்ற அந்த வைரஸ் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனத்துக்குப் போனது. கேட்ஸ் அறக்கட்டளையும் கைகொடுத்தது. ஒரு டோஸை ஒரு டாலருக்குத் தருவதாக நிறுவனம் வாக்களித்தது. 2004ல் பானே அந்தத் துறையின் செயலாளரானார். ஆராய்ச்சியாளரின் அவஸ்தை தெரிந்தவர் கையில் அரசுக் கோப்பு!

டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு 56 சதவீதம் குறைந்ததாக 2013ல் தெரியவந்தது. பாதிக்குச் சற்று மேல்தான். ஆனால் ஏழை நாடுகளில் வெளிநாட்டு மருந்துகளின் பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். அவற்றின் விலையோ பல மடங்கு.

2015 மார்ச்சில் 'ரோட்டாவாக்' அறிமுகமானது. 2016ல் நான்கு மாநிலங்களில் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்ந்தது. 2019ல் நாடு முழுவதும் பரவியது. 2018ல் உலக சுகாதார நிறுவனமும் ரோட்டாவாக்கை அங்கீகரித்தது. 2020 ஜனவரியில் பான் காலமானார்.

மூன்று தரப்பும் கைகோர்த்தால் சாதிக்கலாம் என்பதற்கு இது சாட்சி. எத்தனை தாமதமாக என்பதற்கும்தான். எய்ம்ஸ் வார்டின் அந்தச் சிசுக்கள், மருந்து வெளிவந்தபோது முப்பது வயதை நெருங்கியிருந்தார்கள்.