பிரதிபலிப்பு வட்டுத் தொகுதிகளில் தரவுச் சிதைவைக் கண்டறிதல்

பிரதிபலிப்பு வட்டுத் தொகுதி என்பது ஒரே தரவை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வன்தட்டுகளில் படியெடுத்துச் சேமிக்கும் முறையாகும். இது ரெய்டு 1 எனவும் அழைக்கப்படுகிறது. டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்சு ஆகியோர் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ரெய்டு நிலைகள் வகைப்படுத்தப்பட்டன. ஒரு வன்தட்டு முற்றாகச் செயலிழந்தால் மற்றதிலிருந்து தரவைப் பெறலாம் என்பதே இம்முறையின் பயன். ஆனால் வன்தட்டு செயலிழக்காமல், தவறான தரவைச் சரியானதைப் போலத் தருவதும் உண்டு. இது ஓசையற்ற தரவுச் சிதைவு எனப்படும்.

அடிப்படைச் சிக்கல்

வன்தட்டு ஒரு துண்டத்தைப் படிக்க இயலாதபோது அதைத் தானே அறிவிக்கும். அப்போது மற்றப் படியிலிருந்து தரவு பெறப்படுகிறது. ஓசையற்ற சிதைவில் இத்தகைய அறிவிப்பு எதுவும் இல்லை. மேலும், வழக்கமான படித்தலின்போது ஒரு படி மட்டுமே படிக்கப்படுவதால் வேறுபாடு வெளித்தெரியாது. இரு படிகளையும் ஒப்பிட்டால் அவை வேறுபடுவது தெரியும். எது சரியானது என்பது தெரியாது.

லினக்சு எம்டி தொகுதிகள்

லினக்சு கருனியின் எம்டி அமைப்பில் இரண்டு செயல்கள் உள்ளன. 'செக்' என்பது படிகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளை எண்ணிக்கையாக மட்டும் தரும். 'ரிப்பேர்' என்பது ஒரு படியைத் தெரிந்து மற்றவற்றின் மேல் எழுதும். இத்தெரிவு சரிபார்த்துச் செய்யப்படுவதன்று. எனவே சிதைந்த படி நல்ல படியை அழித்துவிடக்கூடும். காரணத்தை அறியாமல் 'ரிப்பேர்' செய்வது தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

எம்டி காட்டும் வேறுபாடுகள் அனைத்தும் சிதைவு அல்ல. எடுத்துக்காட்டாக, மாற்று நினைவகப் பகுதியில் ஒரு பக்கம் எழுதப்படும்போதே அதன் உள்ளடக்கம் நினைவகத்தில் மாறினால், இரு வட்டுகளிலும் வெவ்வேறு தரவு பதியலாம். அப்பக்கம் மீண்டும் படிக்கப்படாவிடில் இதனால் தீங்கில்லை.

சரிபார்ப்புத் தொகை

சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனம் 2005 இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணித்து, அதைத் தரவிலிருந்து பிரித்து வேறோர் இடத்தில் சேமிக்கிறது. படிக்கும்போது தொகை பொருந்தாவிடில் மற்றப் படி சோதிக்கப்படும். அது பொருந்தினால் சிதைந்த படி அதைக் கொண்டு திருத்தப்படும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையும் இவ்வாறே இயங்குகிறது. எனினும், தொகை கணிக்கப்படும் முன்னரே நினைவகத்தில் தரவு சிதைந்தால், தவறான தரவுக்கே தொகை கணிக்கப்படும். அச்சிதைவை இம்முறையால் அறிய இயலாது.

காரணத்தைப் பகுத்தறிதல்

பிழைகள் எங்கு, எவ்வாறு தோன்றுகின்றன என்பது காரணத்தை அறிய உதவும்.

1. ஒரு வட்டில் மட்டும் பிழைகள் இருப்பின், அவ்வட்டு, அதன் கம்பி அல்லது இணைப்பு முனை ஆகியவற்றை ஐயுறலாம்.
2. வட்டின் தற்சோதனைப் பதிவான ஸ்மார்ட்டில் 5, 197 ஆகிய எண்களுக்குரிய மதிப்புகள் கூடினால் வட்டின் பரப்பு பழுதடைகிறது எனக் கொள்ளலாம். 199 ஆம் எண்ணின் மதிப்பு கூடினால் பெரும்பாலும் கம்பியே காரணமாகும்.
3. இரு வட்டுகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் பிழைகள் இருப்பின், இரண்டுக்கும் பொதுவான நினைவகம், கட்டுப்படுத்தி, மின்வழங்கி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ பயன்படுகிறது.
4. கம்பியை மாற்றிய பின்னும் பிழை அதே வட்டில் தொடர்ந்தால் வட்டையும், இரு வட்டுகளையும் இடம் மாற்றியபோது பிழை பழைய முனையிலேயே நின்றால் கட்டுப்படுத்தியையும் காரணமாகக் கருதலாம்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றி, மீண்டும் முழுச் சோதனை செய்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் காரணம் புலப்படாது.

ஆய்வு முடிவுகள்

பைரவசுந்தரம் முதலானோர் 2008 இல் வெளியிட்ட ஆய்வில் 15.3 இலட்சம் வன்தட்டுகள் 41 மாதங்கள் கவனிக்கப்பட்டன. சரிபார்ப்புத் தொகை பொருந்தாத நிகழ்வுகள் 4 இலட்சத்துக்கும் மேல் காணப்பட்டன. அவற்றுள் 8 விழுக்காடு, ரெய்டு மீளமைப்பின்போதே வெளிப்பட்டன. ஒரு வட்டு பழுதான பின், எஞ்சிய படியும் சிதைந்திருப்பது அப்போதுதான் தெரியவந்தால் இழப்பு ஈடுசெய்ய இயலாததாகிவிடும். இதனாலேயே வட்டுகள் நலமாக உள்ளபோதே காலமுறைச் சோதனை செய்வது இன்றியமையாதது.

காப்புப்படியின் தேவை

பிரதிபலிப்பு காப்புப்படிக்கு ஈடாகாது. தவறுதலாக அழிக்கப்படும் கோப்பு இரு வட்டுகளிலும் அழிகிறது. நினைவகத்தில் சிதைந்த தரவும் இரு வட்டுகளிலும் ஒன்றுபோலவே எழுதப்படுகிறது. இரு படிகளும் வேறுபடும் நிலையில், தனியே வைக்கப்பட்ட காப்புப்படி மூன்றாம் சான்றாகவும் பயன்படும். திருத்த முயலும் முன், இரு வட்டுகளையும் அவை உள்ளபடியே வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல் நன்று.