கப்பலில் போகலாம், அத்தையையும் கூட்டிக்கொண்டு!



2025-ம் வருஷம் மே மாத விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பல் ஏறி பினாங்கு பார்த்துவிட்டு வந்தோம். ஐந்து பேர் என்றால் நான், என்னவர், ஒன்பதாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் பையன், எழுபது வயது மாமியார். வந்ததிலிருந்து தெருவில் பார்ப்பவர்களெல்லாம் ‘எவ்வளவு ஆச்சு? எப்படிப் போனீங்க? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுனீங்க?’ என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். நாங்கள் பட்ட அவஸ்தையை மற்றவர்கள் படவேண்டாம். கூடவே, நான் செய்ய இருந்த ஒரு தப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஒன்றும் வசதிக்காரர்கள் இல்லை. என்னவருக்கு ஹார்டுவேர் கடை. நான் வீட்டில் முறுக்கு, அதிரசம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். நாலு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இது. ‘பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவைக் காட்டவேண்டும்’ என்பதுதான் எங்கள் ஆசை. கப்பல் என்ற பேச்சே அப்போது இல்லை.

எந்தப் பூங்கா என்பதில்தான் முதல் சண்டை. என் மகள் ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதினாள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1955-ல் வால்ட் டிஸ்னி ஆரம்பித்ததுதான் முதல் டிஸ்னிலேண்டாம். 1971-ல் புளோரிடாவில் திறந்த டிஸ்னி வேர்ல்டில் இன்றைக்கு நாலு பெரிய பூங்காக்கள். அமெரிக்க விசாவுக்கான நேர்முகத்தையும் விமானக் கட்டணத்தையும் பார்த்ததும் அந்தப் பக்கத்தை அவளே மடித்து வைத்துவிட்டாள். டோக்கியோவில் 1983-லிருந்து ஒரு டிஸ்னிலேண்டும், பக்கத்திலேயே 2001-லிருந்து கடலைக் கருவாக வைத்து இன்னொரு பூங்காவும் இருக்கின்றன. அதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை.

ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005-ல் திறந்தது. அமெரிக்காவில் இருப்பதைவிட ரொம்பச் சின்னது. ஆனால் சின்னக் குழந்தைகளை வைத்திருப்பவர்களுக்குச் சின்னதே நல்லது, நடக்கும் தூரம் குறைவு. பூங்கா வாசல் வரை அதற்கென்றே தனி ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். 2023-ல் ‘ஃப்ரோசன்’ படத்தின் பனி ஊரையும் கட்டிவிட்டார்கள். ஹாங்காங் போக நம்மைப் போன்றவர்கள் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும், அந்தப் பதிவுக்குப் பணம் கிடையாது. என்றாலும் எங்களுக்குத் திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கும் ஊரே வசதி. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு விமானம் மாறுவது லேசில்லை.

மலேசியாவில் இரண்டு. கெந்திங் மலைமேல், கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில், 2022-ல் திறந்த பூங்கா ஒன்று. நம் கொடைக்கானல் மாதிரி குளுகுளுவென்று இருக்குமாம், கம்பிவடக் காரில் போகலாம். இன்னொன்று சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூரில் 2012-ல் திறந்த லெகோலேண்ட். அது இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கானது. என் பையன் குதித்தான், மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சிங்கப்பூர் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010-ல் வந்தது. ஏழு பகுதிகள். ‘மினியன்’ பொம்மைகளுக்கென்று ஒரு பகுதியை 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். பெரியவள், சின்னவன் இரண்டு பேருக்கும் ஏதாவது இருக்கிறது என்பதால் அதுதான் ஜெயித்தது.

இங்கே ஒரு விஷயம். பூங்காவைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையின் உயரத்தைப் பாருங்கள்! ஒவ்வொரு ராட்டினத்துக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. அங்கே ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ ஏற 102 சென்டிமீட்டர், டைனோசர் படகுச் சவாரிக்கு 107, மம்மி சவாரிக்கு 122, இரண்டு தண்டவாளம் போட்ட பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125. என் பையனை நிலைப்படியில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டால் 119! மம்மிதான் வேண்டும் என்று நாலு மாதமாகக் கனவு கண்டவன் அவன். அன்று முதல் முருங்கைக்கீரை, முட்டை எதுவும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான் என்றால் பாருங்களேன்!

ஆக, எங்கள் முதல் திட்டம் சிங்கப்பூர் யுனிவர்சல், பிறகு ஜொகூர் லெகோலேண்ட். மாமியாரை? ‘முட்டிவலி, ரத்த அழுத்தம், அவ்வளவு தூரம் எதுக்கு’ என்று நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக நானே முடிவு பண்ணிவிட்டேன். அத்தையும் ‘நீங்க போய்ட்டு வாங்கம்மா, எனக்கென்ன’ என்றார். அதோடு விட்டது என்று நினைத்தேன். இதுதான் நான் சொன்ன தப்பு.

அந்தச் சமயத்தில்தான் என்னவரின் நண்பர், ‘லெகோலேண்டுக்கும் ரெண்டு ராத்திரி ஓட்டலுக்கும் ஆகிற செலவோட இன்னும் கொஞ்சம் போட்டா கப்பல்லயே மூணு ராத்திரி போகலாமே, தங்கறது சாப்பாடு எல்லாம் சேர்த்து’ என்று சொல்லிவிட்டார். கப்பல் எங்கே எங்கே நிற்கும் என்று மகள் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தி, “பினாங்கா? பினாங்குக்கா போவுது?” என்றார்.

பிறகுதான் சொன்னார். அத்தையின் அப்பா 1961-ல் நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் பினாங்கு போனவர். அந்தக் கப்பல் 1926-ல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, தள்ளித்தான் நிற்கும், படகில் போய் ஏறவேண்டும். ஆறு வயதுப் பெண்ணாக அத்தை கரையில் நின்று கையாட்டினாராம். அப்பா மார்க்கெட் தெருக் கடை ஒன்றில் கணக்கு எழுதினார். ஏழு வருஷம் மணியார்டர் வந்தது, கடிதம் வந்தது. 1968-ல் இறந்துவிட்ட செய்திதான் வந்தது. முகம் பார்க்கவில்லை.

பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று ராத்திரியே என்னவரிடம் சொன்னேன்: “ஏங்க, லெகோலேண்ட் வேணாங்க. கப்பல்ல போவோம். அத்தை இல்லாம நான் வரல.” பையனை எப்படிச் சமாதானப்படுத்தினேன் என்பது தனிக் கதை.

இனி ஏற்பாடுகள். கவனமாகப் படியுங்கள் சகோதரிகளே.

முதலில் பாஸ்போர்ட். அத்தைக்குப் புதிதாக எடுக்கவேண்டி வந்தது. ஆதாரில் ஒரு பிறந்த வருஷம், வேறொரு அட்டையில் இன்னொரு வருஷம். அதைத் திருத்தவே ஒரு மாதம் போயிற்று. மகளிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். எடுத்துப் பார்த்தால் முடிய நாலு மாதம்தான்! சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான். வெளிநாடு போக ஆறு மாதமாவது மீதி இருக்கவேண்டும். அதையும் புதுப்பித்தோம். டிக்கெட்டில் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்து மாறாமல் போடுங்கள். நம் இனிஷியல் பழக்கம் இங்கேதான் குழப்பம் செய்யும்.

அடுத்தது விசா. நாங்கள் பிடித்த ஏஜெண்ட், ‘எல்லாம் நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்லி, சிங்கப்பூருக்கு ஒரே தடவை நுழையும் விசாவுக்கு மனுப் போட்டுவிட்டார். கப்பல் கிளம்பினால் நாம் சிங்கப்பூரை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு. திரும்பி வந்தால் மறுபடி நுழைகிறோம். அதனால் பல தடவை நுழையும் விசா அவசியம். கப்பல் கம்பெனியின் குறிப்பை மகள் வரிவரியாகப் படித்ததால் தப்பித்தோம். கட்டிய கட்டணம் போனது போனதுதான். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனால் இந்த விதிகள் அடிக்கடி மாறும், கிளம்புமுன் நீங்களே பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பவேண்டும். அதற்குக் காசு இல்லை, யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

பணம். விளம்பரத்தில் போடும் தொகையோடு முடிவதில்லை. துறைமுக வரி தனி, ஊழியர்களுக்கான அன்பளிப்பு ஆளுக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தனி. ஜன்னல் இல்லாத உள்ளறைதான் விலை குறைவு, நாங்கள் அதில் இரண்டு எடுத்தோம். கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவாகத் தெரியும். கப்பலில் ஏறியதும் செல்போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழி வரும் இணைப்புக்குக் கட்டணம் தலையைச் சுற்றும்.

மூட்டை. பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்துசேர மணிக்கணக்காகும். அதனால் மருந்து, டாக்டர் சீட்டு, ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் காய்ச்சும் கெட்டில், மெழுகுவத்தி, ஊதுவத்தி எதுவும் கூடாது, தீப்பிடித்துவிடும் என்று பயம். நான் ஆசையாகக் கட்டிய புளியோதரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டியதாயிற்று. கப்பலில் நம் சைவச் சாப்பாடு கிடைத்தது, தயிர் உட்பட! சிங்கப்பூருக்குள் சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது, 1992-லிருந்தே தடை. மெல்லுகிற புகையிலையும் தடை. அத்தையின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து புகையிலையை எடுக்கத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். “உன் மாமனார் சொல்லியே விடாதத, கப்பல்காரன் சொல்லி விடறேன்” என்றார்.

யுனிவர்சலில் நாங்கள் போன அன்று பையனின் உயரம் 121. ஒரே ஒரு சென்டிமீட்டர்! ‘தடிச் செருப்பு போட்டுவிடுங்க’ என்று ஊரிலேயே ஒருத்தர் யோசனை சொன்னார். நான் கேட்கவில்லை. மடியில் இறங்கும் கம்பி பிள்ளையைப் பிடித்துக்கொள்ளத்தான் அந்த அளவு. அதில் ஏமாற்றினால் நம் பிள்ளையைத்தான் ஏமாற்றுகிறோம். அளவுக்கோல் முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதான். பத்து நிமிஷம் கழித்துப் படகுச் சவாரியில் முழுக்க நனைந்து சிரித்தான். அத்தையைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தண்ணீர் சாகசக் காட்சிக்குக் கூட்டிப் போனோம். முன்வரிசையில்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்து, புடவை நனைந்து, பிள்ளைகளைவிட அதிகம் சிரித்தது அவர்தான்.

கப்பலில் ஏறியதும் உயிர்காப்புப் பயிற்சி. ‘இதெல்லாம் எதுக்கு’ என்று சிலர் முனகினார்கள். 2012-ல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்த பிறகு இந்த விதியை இறுக்கிவிட்டார்கள். கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாகவேண்டும். எந்தப் படகு நமக்கு என்று அத்தையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் மதியம் பினாங்கு. இப்போது கப்பல் கரையிலேயே ஒட்டி நிற்கிறது. இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே லிட்டில் இந்தியா. மார்க்கெட் தெரு அதே பெயரில் இருக்கிறது. அப்பா வேலை பார்த்த கடை எது என்று தெரியவில்லை, யாருக்கும் தெரிய நியாயமும் இல்லை. அத்தை நாற்காலியில் உட்காராமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் குயின் தெருவில் 1833-லிருந்து இருக்கும் மகாமாரியம்மன் கோவிலில் விளக்கேற்றினார். வெளியே வந்ததும், “எங்கப்பா வெள்ளிக்கிழமைன்னா இங்கதான் வந்திருப்பாரு, இல்லம்மா?” என்றார். “ஆமா அத்தை” என்றேன். வேறென்ன சொல்வது?

திரும்பும்போது கப்பல் தட்டில் நின்று கரையைப் பார்த்துக் கையாட்டினார். பிள்ளைகளும் என்ன என்று கேட்காமல் கூடச் சேர்ந்து ஆட்டினார்கள். அவர் எந்தக் கரையைப் பார்த்து ஆட்டினார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சகோதரிகளே, பணம் சேர்ந்தால் பிள்ளைகளை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள். திட்டம் போடும்போது வீட்டுப் பெரியவர்களிடம் ‘நீங்க எங்க போகணும்னு நெனச்சீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் நிலைப்படியில் பென்சில் கோடு இப்போது 125-ஐத் தொட்டுவிட்டது. “அம்மா, மறுபடி எப்ப?” என்று பையன் கேட்கிறான். புதுச் சீட்டு ஆரம்பித்திருக்கிறேன்!

- ஒரு வாசகி, திருவாரூர்.