மேலே பனி, கீழே சூடு

மாளிகாவத்தைத் தொடர்மாடி வீட்டில் குர்பான் இறைச்சி நிறைந்த நாளில் பிரிட்ஜின் கீழ்த்தட்டு சூடேறினால், "கொம்ப்ரசர் போய்விட்டது" என்று பதறாதீர்கள்.

பனி கட்டாத 'நோ ஃப்ரொஸ்ட்' வகையில் குளிர் மேலறையில் உண்டாகிறது. சிறு விசிறியே அதைக் கீழே அனுப்புகிறது. மேலே குளிர்ந்து கீழே சூடானால் விசிறியைச் சந்தேகியுங்கள். கொம்ப்ரசர் ஓடும்போது கதவைத் திறந்து, கதவோரச் சுவிட்சை அழுத்திக் கேளுங்கள். காற்றோசை இல்லையா? உணவை வேறிடம் மாற்றி, பிளக்கைக் கழற்றி, 24 மணிநேரம் கதவைத் திறந்து வையுங்கள். கத்தியால் பனியைக் குத்த வேண்டாம்.

மீண்டும் இணைத்ததும் சுழன்றால், இறுகிய பனியே காரணம். பனி உருக்கும் ஹீட்டர் பகுதியைப் பார்ப்பிக்க வேண்டும். சுழலாவிட்டால், மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று திருத்துபவரை அளக்கச் சொல்லுங்கள். வந்தும் சுழலாவிட்டால் மோட்டாரே பழுது.

பழுது எதுவென்று அறியாமல் பணம் கொடுப்பதும் வீண்விரயமே!